பூட் ஆகாத கணினியும் மூன்று தெருத் தண்ணீரும்

கெட்டுப்போன கணினியைச் சரிசெய்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரு கணினியின் மனம் நோகக்கூடாது என்பதற்காக மூன்று தெருக்களைத் தாகத்தில் வைத்துப் பொறுமை காத்த மகான் ஒருவர்தான். குடிநீர் வழங்கல் கிளை அலுவலகத்தின் மேலாளர் அவர். அவருடைய பெருமையை அருகிலிருந்து தரிசிக்கும் பாக்கியம் எதிர் மேஜையில் இருந்த தட்டச்சருக்கு வாய்த்தது. பதினாறு வருட சர்வீஸில் அவள் பார்த்த மூன்றாவது மேலாளர் இவர். 'நவீனமயம்' ஆனவர்களில் முதல்வர்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் போகும் பிரதான குழாய் வெடித்தது. வால்வை மூடி, வெடிப்பை அடைத்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. இனி வால்வைத் திறப்பதுதான் பாக்கி. திறப்பதற்கு ஆணை வேண்டும். ஆணைக்கு எண் வேண்டும். எண்ணைக் கணினிதான் கொடுக்கும். போன வருடம் மேலாளர் கொண்டுவந்த சீர்திருத்தம் இது. கையால் எழுதும் சீட்டில் 'முறைகேட்டுக்கு வாய்ப்பு' இருக்கிறதாம்.

தட்டச்சர் கணினியின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. பெட்டி மூன்று முறை நீளமாகக் கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். இந்த முறை கம்பெனிச் சின்னம் வரை வந்து அப்படியே உறைந்துவிட்டது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. பூட் ஆகவேண்டிய பெட்டி பூட்டிக்கொண்டுவிட்டது.

“சார், உள்ள இருக்கிற ரேம் பட்டை லூசா இருக்கும்னு நினைக்கிறேன். எங்க வீட்டு கம்ப்யூட்டர் போன வருஷம் இதே மாதிரிதான் கத்துச்சு. கழட்டி, துடைச்சு மாட்டினா சரியாயிடும்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஆழமான கருத்துகளை அவர் கண்ணாடி இல்லாமல்தான் வெளியிடுவார்.

“நீங்க என்ன போஸ்ட்ல இருக்கீங்கம்மா?”

“தட்டச்சர், சார்.”

“தட்டச்சர் வெளியதான் தட்டணும். உள்ள கை வைக்கக் கூடாது. பெட்டி மேல சீல் ஒட்டியிருக்கு பாருங்க.”

ஒட்டித்தான் இருந்தது. அதிலிருந்த எழுத்து என்றைக்கோ அழிந்துபோயிருந்தது. அழிந்துபோன எச்சரிக்கைக்கும் கட்டுப்படுவது சாதாரண மனிதர்களால் ஆகிற காரியமா?

பிறகு மேலாளரே 'கோளாறு கண்டறியும்' பணியில் இறங்கினார். திரையைத் துடைக்கச் சொன்னார். மேஜையைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடச் சொன்னார், காற்றோட்டத்துக்காக. கடைசியாகக் கணினியைத் தொட்டது யார் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார். சனிக்கிழமை மாலை கடைசியாகத் தொட்டவர் அவரேதான், சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் விசாரணையும் உறைந்துவிட்டது.

வால்வுக்காரர் வால்வைத் திறக்கும் ஆளுயரச் சாவியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

“சார், ஒரு வார்த்தை சொல்லுங்க, போய்த் திருகிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷ வேலை.”

“நான் சொல்ற வார்த்தைக்கு எண் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

வால்வுக்காரர் சாவியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை 'கணினி மீட்புக் குழு' அமைந்தது. மேலாளர் தலைவர், கணக்கர் உறுப்பினர், தட்டச்சர் குறிப்பெடுப்பவர். இரண்டு மணி நேரம் ஆலோசித்தார்கள். “அதுக்கு வயசாச்சு சார். எனக்கே காலையில எழுந்திருக்க முடியல,” என்று கணக்கர் தம் தொழில்நுட்பக் கருத்தை வழங்கினார். அது பதிவு செய்யப்பட்டது. கடைசியில், தலைமை அலுவலகத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

“தீர்மானத்தை அடிச்சு அனுப்பிடுங்கம்மா.”

“எதுல சார் அடிக்கிறது?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, கம்ப்யூட்டர் சரியானதும் முதல் வேலையா அடிச்சிடுங்க.”

அன்று மதியம் தட்டச்சரின் அக்கா போன் செய்தாள். தண்ணீர் வராத தெருக்களில் மூன்றாவதில் குடியிருப்பவள். இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

“ஏண்டி, நீ தண்ணி ஆபீஸ்லதானே வேலை பாக்கிற?”

“ஆமாக்கா.”

“இங்க குழந்தைத் துணி மலையா குவிஞ்சு கிடக்கு. ரெண்டும் பேசி வெச்ச மாதிரி ஒரே நேரத்துல போகுதுங்க. உங்க மாமா எங்கிருந்தோ குடத்துல தூக்கிட்டு வந்து, இடுப்பு பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு. என்னதான்டி பிரச்சினை உங்களுக்கு?”

“கம்ப்யூட்டர் பூட் ஆகலக்கா.”

அக்கா, “இதை இவங்க ரெண்டு பேருக்கும் நான் எப்படிடி புரிய வைக்கிறது?” என்றாள்.

எங்கே வேலை பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவே தட்டச்சருக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை ஒன்றேகால் மணிக்கு மேலாளர் சாப்பிட வீட்டுக்குப் போனார். அவருக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை. அவர் வீடு நான்காவது தெரு. கணக்கரும் எழுந்து போனபின், அவள் கதவைச் சாத்திவிட்டு வால்வுக்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள்.

“என்னக்கா பண்ணப் போறீங்க?”

“தப்பு பண்ணப் போறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க.”

மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். சீல் சத்தமில்லாமல் கிழிந்தது. உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. ஊதினாள், தும்மினாள். கொக்கிகளை நெம்பிப் பச்சைப் பட்டையை வெளியே எடுத்து, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, 'டிக்' என்று கேட்கும்வரை திரும்ப அழுத்தினாள். இப்போதும் பூட் ஆகாவிட்டால் மூன்று நாள் பழியும் தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு சின்னக் கூவல். சின்னம் வந்தது. நின்றது. பிறகு நகர்ந்து, திரை வெளுத்தது.

மொத்தம் பதினோரு நிமிடம். எண் வந்தது, ஆணை வந்தது. எண் இருந்தால் மேலாளர் கையெழுத்துகூடத் தேவையில்லை. அதுவும் அவர் சீர்திருத்தம்தான். வால்வுக்காரர் தாளைப் பல்லில் கவ்விக்கொண்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். குழாய் கொட்டுகிற இரைச்சலில் அவள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. தட்டச்சர் அந்த இரைச்சலையே சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலாளர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

“தானா சரியாயிடுச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஏனோ வாய் வரவில்லை.

“இல்ல சார். நான்தான் கழட்டி மாட்டினேன்.”

“அப்படியா? உட்காருங்க. நான் சொல்றதை அடிங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'அலுவலக உடைமையை அனுமதியின்றித் திறந்து அதன் பழுதை நீக்கிய குற்றத்துக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' பெறுநர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே அடித்தாள். கணினி ஓரிடத்திலும் தயங்கவில்லை.

“சார், மூணு தெருவுக்கு மூணு நாளா தண்ணி வரலையே. அதுக்கும் ஒண்ணு அடிச்சிடவா? பெறுநர்னு யாரைப் போடறது?”

“அது இயந்திரக் கோளாறும்மா,” என்றார் மேலாளர் பெருந்தன்மையோடு. “அதுக்குப் போய் யாரைக் குத்தம் சொல்றது?”

நியாயமான மனிதர். ஒரு கோளாறு நேர்ந்தால் அவர் யாரையும் குற்றம் சொல்லமாட்டார். அதை யாராவது சரிசெய்துவிட்டால் மட்டும் விடமாட்டார்.