கரையேறி சார் பெண் பார்க்கப் போனது

டெல்லியில் நான் சோறு போட்டவர்களில் மீனைச் சொந்தக்காரன் என்று சொன்ன ஒரே ஆள் கரையேறி சார்தான். இத்தனைக்கும் அவர் சைவம்.

எழுபதுகளில் கரோல்பாக்கில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மியூசியத்தில் படம் வரைகிறவர். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஒரு மீன் கரையேறியதாம். அதன் துடுப்புக்குள் கைகால் மாதிரி எலும்பு இருந்ததாம். அதிலிருந்துதான் தவளை, பல்லி, மாடு, செக்‌ஷன் ஆபீசர் எல்லாம் வந்ததாம்.

யார் கை கிடைத்தாலும் பிடித்து அமுக்குவார். "மேல ஒத்தை எலும்பு. கீழ ரெட்டை. அப்புறம் பொடிசு. அந்த மீனுக்கும் இதேதான் அண்ணாச்சி." ரசம் ஊற்றுகிற கையையும் விடமாட்டார். ரசம் பக்கத்து ஆள் மடியில் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ரோகு மீன் வாங்கி வருவேன். துடுப்பை விரித்துப் பார்ப்பார். வெறும் முள். அந்த வம்சம் இல்லை, குழம்பு வைக்கலாம் என்று அனுமதி கொடுப்பார்.

நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஆசை மட்டும் இருந்தது. பெண்ணின் அப்பா கையை அமுக்கியதில் ஒரு சம்பந்தம் போயிற்று. இன்னொரு வீட்டில் பூர்வீகம் கேட்டார்கள். தண்ணீர் என்றார். அதுவும் போயிற்று.

அடுத்தது லோதி காலனியில் வந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிப் பெண்ணே பார்ப்பதில்லை என்றார். பெரியவர்கள் யாரும் இல்லாததால் நான் கூடப் போனேன். பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கினேன். மீன் பேச்சே எடுக்கக் கூடாது.

எடுக்கவில்லை. வேறு எதுவும் பேசவும் இல்லை. காபி ஆறியது. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண்தான் கேட்டாள். "மியூசியத்துல என்ன வரையறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆரம்பித்துவிட்டார். துடுப்பு, எலும்பு, குளம் வற்றியது, மீன் சேற்றில் ஊர்ந்து கரையேறியது, ஒன்று பாக்கியில்லை. செருப்பை எங்கே விட்டோம் என்று நான் யோசித்தேன்.

"அப்ப அது தரையில இருக்கணும்னு வரலை. அடுத்த குளத்தைத் தேடித்தான் வந்திருக்கு," என்றாள் அவள். "அப்பாவும் ரெண்டு வருஷத்துல ஊருக்குத் திரும்பிடலாம்னுதான் டெல்லிக்கு வந்தார். நான் இங்கயே பொறந்து வளந்துட்டேன்."

கரையேறி சார் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

அவள் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். "எங்க, அந்த ரெட்டை எலும்பைக் காட்டுங்க மாப்ளே."

தை மாசம் கல்யாணம். குவார்ட்டர்ஸ் கிடைத்து மெஸ்ஸைவிட்டுப் போய்விட்டார். நல்லதுதான். அதற்கப்புறம் எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டு, கைகழுவிப் போனார்கள். எனக்குத்தான் சமைக்கவே பிடிக்கவில்லை.