இடக்கண்ணில் தைத்த பனிக்குடச் சவ்வு பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அத்தை இரண்டு கண்ணோடும் நான் ஒரு கண்ணோடும் சௌக்கியம். அங்கே நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வருகிற வாரம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள் என்றும், அப்போது வீணாகப் போகிற பனிக்குடச் சவ்வைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கேட்டுப் படிவத்தை நீட்டுகிறார்கள் என்றும், மகள் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாள், மாமா என்ன சொல்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி யாரோ கொடுத்த சவ்வைக் கண்ணில் வைத்துத் தைத்துக்கொண்டு ஒரு மாதமாக உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், போட வேண்டாம்.

நான் முப்பத்தொரு வருஷம் குடைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கட்டோடு திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவன் கண்ணிலேயே ஓட்டை விழுந்தது. செடி வெட்டும்போது துரும்பு தெறித்தது. டாக்டர்கள் சின்னதைப் பெரிதாக்குவார்கள் என்று, மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் பத்து நாள் விட்டேன். புண் ஆறாமல் குழி பறித்து, ஒரு நாள் காலை பல் விளக்கும்போது கண்ணிலிருந்து வெதுவெதுவென்று வழிந்தது, பார்வை மங்கிவிட்டது, உங்கள் அத்தை என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கருவிழி ஓரத்துல ஓட்டை விழுந்திருக்கு. இன்னைக்கே அடைக்கலைன்னா கண்ணே போயிடும்" என்றார். எதை வைத்து அடைப்பீர்கள் என்றேன். "பனிக்குடச் சவ்வு சார். குழிக்குள்ள ரெண்டு அடுக்கு, மேல ஒண்ணு போட்டுத் தைச்சிடுவோம்." யாருடையது என்றேன். "ஒரு அம்மா குடுத்தது. ரத்தமெல்லாம் சோதிச்சுதான் உறைய வெச்சிருக்கோம்." எந்த அம்மா, எப்படிப்பட்ட குணம், கோபக்காரியா, அழுமூஞ்சியா என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லக் கூடாது சார்" என்று சிரித்தார். நியாயமான சரக்கென்றால் எங்கிருந்து வந்தது என்று சொல்வதில் என்ன கஷ்டம் மாப்பிள்ளை?

சரி, தைத்தார்கள். தைத்தது ஒழுங்கா என்று பார்க்க வேண்டியது என் கடமை அல்லவா. சவரக் கண்ணாடியையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு வேளை ஜன்னலோரம் சோதனை போட்டேன். இரண்டாம் வாரம் தூங்கி எழுந்து பார்க்கிறேன், தலையணை உறையில் வட்டமாக, கண்ணாடி போல ஒரு ஏடு கிடக்கிறது. சவ்வு பெயர்ந்துவிட்டது, கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று அதைத் தீப்பெட்டியில் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். டாக்டரம்மா திறந்து பார்த்துவிட்டு, "இது சவ்வு இல்ல சார், தையல் உறுத்தாம இருக்க மேல போட்ட லென்ஸ். கண்ணைக் கசக்கினீங்களா?" என்றார். நான் பரிசோதித்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு தடவை பரிசோதிச்சா பழையபடி ஓட்டைதான்" என்று சொல்லி, கை படாமலிருக்க இடக்கண்மேல் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்பு மூடியும் கொடுத்தார். உங்கள் அத்தை வீட்டிற்கு வந்ததும் பூதக்கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டாள். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய சந்தேகம் இப்போது. போன வாரம் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, "சவ்வு கரைஞ்சுக்கிட்டு வருது, ரொம்ப நல்லது" என்கிறார். மூன்று அடுக்கு வைத்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது ஒன்றுகூட முழுசாக இல்லையாம், அது நல்லதாம். "அது கரையக் கரைய உங்க சொந்தச் சதையே வளர்ந்து அடைச்சுக்கும்" என்று சமாதானம் வேறு. மழையில் கரைகிற குடைத்துணியை ஒருவன் கொண்டுவந்து, கரைந்தால் நல்லது என்று சொல்லியிருந்தால் நான் அவனை வாசல்படி ஏற விட்டிருப்பேனா? ஆகவே மகளுடைய சவ்வு யாருக்குப் போகிறது, அவன் எப்படிப்பட்டவன், ஒழுங்காக வைத்துக்கொள்வானா என்று எழுத்தில் தரும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.

பிரசவம் சுகமாக நடந்து தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்து சேர எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, மூடியை நல்ல கண்ணுல மாட்டியிருக்கீங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன், வலக்கண்தான். மருந்து விட்டுக்கொண்டபின் நானே கண்ணாடி பார்க்காமல் மாட்டியது. ஆக, மேலே உள்ளது அத்தனையும் இடக்கண்ணால் எழுதியிருக்கிறேன். காகிதம் மங்கல் என்று நடுவில் அவளை இரண்டு தடவை திட்டியதோடு சரி. மறுபடி மூடியை வலக்கண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். வாசிக்க முடிகிறது மாப்பிள்ளை. பேரக்குழந்தையை ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்குமோ என்று இந்த ஒரு மாதமும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவளிடம்கூடச் சொல்லவில்லை. மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். யாருக்கு, எவனுக்கு என்று ஒன்றும் கேட்க வேண்டாம். எனக்குக் கொடுத்த அந்த அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் கொடுத்திருப்பாளா என்பது எனக்கே சந்தேகம்தான்.