பட்டன் போன் எப்போது வரும்?

"சுபத்ராம்மா, போன் இன்னிக்கு இந்தியில பேசுது. ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

மாடிப்படியின் உச்சியிலிருந்து குரல் வந்ததுமே சுபத்ரா அடுப்பை அணைத்தாள். ஒரு டம்ளர் பால்தான், அது ஆறினால் ஆறட்டும். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படியேறினாள்.

மேல்வீட்டு வேதாசலம் சாருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. முன்பு அவரிடம் பேசும் பட்டன் போன் ஒன்று இருந்தது. அமுக்கிய எண்ணைச் சொல்லும், வேறு வம்பு கிடையாது. அது பழுதாகி பிரிட்டோவின் செல்போன் கடைக்குப் போனதிலிருந்து, அக்கா மகன் வாங்கித் தந்த, தொட்டதைப் படித்துச் சொல்லும் டச் போனோடு மல்லுக்கட்டு.

சார் பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் காபி ஊற்றி வைத்திருந்தார்.

"நேத்து பேச்சே வரல. முந்தாநாள் ஒரே வேகமா பேசிச்சு. இன்னிக்கு இந்தி. வழவழன்னு ஒரு கண்ணாடிய கையில குடுத்து தடவுன்னா, எதைத் தடவுறது?"

"குடுங்க சார், பார்க்கறேன்."

சுபத்ராவுக்கும் டச் போன் பெரிதாகத் தெரியாது. தைரியம் மட்டும் இருந்தது. எங்கெங்கோ அழுத்தியதில் பேச்சு நின்றது.

"அப்பாடா, அமைதியாயிடுச்சு சார்."

"அமைதியா இருந்தா எனக்கு அது சோப்புக்கட்டிம்மா."

மறுபடி அழுத்தினாள். இந்தி திரும்பி வந்தது, கூடவே யாருக்கோ வீடியோ காலும் போய் மணி அடித்தது. திரையில் முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர் தோன்றினார்.

"யாரு? மேடம், வீடியோவ கட் பண்ணுங்க முதல்ல."

"எப்படின்னு தெரியலையே. நீங்களே கட் பண்ணிடுங்க சார்."

"கையெல்லாம் நுரை மேடம்."

பின்னாலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது காலங்காத்தால?"

சுபத்ரா பதறிப் போய் போனை மேஜையில் கவிழ்த்தாள். வேதாசலம் சார் அதை எடுத்து விரல்களால் ஏதோ தட்டி நீட்டினார். ஷ்யாம்சுந்தர் இல்லை, இந்தி இல்லை. திரை கன்னங்கரேலென்று கிடந்தது.

"செத்துப் போச்சு போலிருக்கு சார்."

"போகட்டும். பட்டன் போன் மட்டும் வரட்டும், இதைத் தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுடறேன்."

பட்டன் போன் என்ற பேச்சே சுபத்ராவுக்குப் பிடிக்கவில்லை.

கணவர் போனபின் அவளுக்கு வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. மகன் ஹரிபிரசாத் கனடாவிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பான். மற்ற நாட்களில் டிவிதான் பேசும், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். போன மாதம் மேலே இந்த போன் வந்தது, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஓர் ஆள் கிடைத்தார். பட்டன் போன் வந்துவிட்டால் அவர் எதற்குக் கூப்பிடப் போகிறார்? நினைக்கவே பயமாக இருந்தது.

"இதை நானே கடைக்குக் கொண்டு போறேன் சார்" என்று வாங்கிக்கொண்டாள்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் அருகே பிரிட்டோவின் செல்போன் கடை. அவன் போனை வாங்கி, மூன்று விரலால் தட்டினான். திரை பளிச்சென்றது. இன்னொரு தட்டில் இந்தி.

"ஒண்ணும் ஆவல மேடம். பேச்ச அமத்தி ஸ்க்ரீன மறைச்சு வெச்சிகீது. கண்ணு தெரியாதவங்க சார்ஜு மிச்சம் பண்ண ஸ்க்ரீன இப்டி வெப்பாங்கோ. நமக்குப் பாத்தா போன் செத்த மாரி இருக்கும்."

"அவருக்கு இதெல்லாம் தெரியாதேப்பா. விரல் தெரியாமப் பட்டிருக்கும்."

பிரிட்டோ துணியால் போனைத் துடைத்தான்.

சுபத்ரா சுற்றுமுற்றும் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டாள்.

"தம்பி, சாரோட பட்டன் போனை ரிப்பேருக்கு வாங்கி வெச்சிருக்கியே, அதை... கொஞ்சம் மெதுவாவே பண்ணேன். அவசரமில்ல."

பிரிட்டோ மேஜை இழுப்பறையைத் திறந்து, அந்த போனை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினான். "ஐந்து" என்று அது தெளிவாகச் சொன்னது.

"இதுல இன்னா ரிப்பேர் மேடம்? 'இது கையில இருந்தா கீழ்வூட்டம்மாவ கூப்புட ஒரு சாக்கும் இருக்காது, அவங்க கதவ சாத்திக்கினு தனியா உள்ளயே உக்காந்துருவாங்க'ன்னு சார்தான் கொண்டாந்து குடுத்து, கேட்டா ரெடியாவலன்னு சொல்லுன்னாரு."