மூன்றாம் பக்கத்துப் படத்தில் இருப்பவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பக்கம். அதில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறாளே, கீழே "மரத்துக்காகப் பள்ளியைத் துறந்த மாணவி" என்று போட்டிருக்கிறீர்களே, அது நான்தான். ஐயா, நான் கட்டிப்பிடிக்கவில்லை. அந்த மரத்தை வெட்டுவதற்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா மரம் வெட்டுகிறவர். நான் அவரிடம் வேலை செய்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வராமலே இருந்தது, பிறகு நானும் பள்ளிக்குப் போகாமல் இருந்துவிட்டேன். மரங்கள் யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. பெரிய மரமாக இருந்தால் டேப்பின் நுனியை அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பிடிக்க, கன்னம் பட்டையில் படும்படி ஒட்டி நிற்க வேண்டும். சித்தப்பாவுக்கு வயிறு இடிக்கும். கண்ணை மூடியிருந்தது எறும்புக்குப் பயந்து.

எங்களைக் கூப்பிட்டதே அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர்தான். முனையில் புது அடுக்குமாடி வந்ததிலிருந்து காலையில் கார்கள் திரும்ப முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன, மரத்தை எடுத்தால் வழி கிடைக்கும் என்று சங்கத்தின் போக்குவரத்துக் குழுவில் முடிவு செய்தார்களாம். அதே சங்கத்தில் மரப் பாதுகாப்புக் குழு என்றும் ஒன்று உண்டு, அதற்கும் அவரே செயலாளர் என்பது எங்களுக்குத் தெரியாது. நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தச் சின்னப் பொண்ணுக்கு இருக்கிற ஈரம் நமக்கு இல்லாமப் போச்சே!" என்று அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே நாலைந்து பேருக்குப் போன் செய்ய, அவர்கள் வீட்டில் போட்டிருந்த உடையோடு ஓடிவந்து என்னைச் சுற்றிக் கைகோத்து நின்றுவிட்டார்கள். நான் சொல்லத்தான் பார்த்தேன். குரல் வரவில்லை. ஒருவர் குடை பிடித்தார். ஒருவர் பழச்சாறு கொண்டுவந்து உறிஞ்சுகுழலை என் வாயில் வைத்து, "கையை எடுத்துடாதே கண்ணு, போட்டோக்காரர் வந்துட்டிருக்கார்" என்றார்.

லாரியிலிருந்து சித்தப்பா ரம்பத்தோடு இறங்கினார்.

"இதோ வந்துட்டான் கொலைகாரன்!"

"அம்மா, அது எங்க அண்ணன் பொண்ணும்மா!"

"பாத்தீங்களா, சொந்தச் சித்தப்பாவையே எதிர்த்து நிக்குது!"

எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் செயலாளர் வாயில் பல்துலக்கியோடு வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் மரத்தைக் கட்டிக்கொண்டார். "உயிரே போனாலும் விடமாட்டோம்!" என்று கத்திவிட்டு என் காதில், "கூட்டம் கலையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சித்தப்பாகிட்ட சொல்லு" என்றார். தங்கள் நிருபர் வந்து, நான் பள்ளிக்குப் போவதில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஏன்மா படிப்பை விட்டே?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல வராமல் மரத்தைப் பார்த்தேன். அவர் அதைப் பதிலாக எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை. பேசிவைத்திருந்தவர்களும், "உங்க வீட்டுப் பொண்ணே மரத்தைக் கட்டிக்கிட்டு நிக்கும், எங்களுக்கு எதுக்கு வம்பு" என்று விலகிக்கொண்டார்கள். சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கூர் தீட்டிய ரம்பத்தையே திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருக்கிறார். நேற்றுச் சித்தியிடம், "அவளைத் துணிக்கடையில சேத்துடலாமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. துணிக்கடையில் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் "வாங்கக்கா, வாங்கண்ணா, உள்ள வந்து பாருங்க" என்று நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஆகவே ஐயா, "படத்தில் இருப்பவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார், வெட்டுகிற எண்ணம் அவருக்கு முழுமையாக இருந்தது" என்று ஒரே ஒரு வரி போட்டுவிடுங்கள். இரங்கல் விளம்பரங்களுக்குக் கீழே போட்டாலும் போதும். தங்கள் பத்திரிகை வீடுதோறும் செல்லட்டும், தங்கள் குடும்பத்தார் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மரம்வெட்டியின் அண்ணன் மகள்

பி.கு.: ஐயா, தயவுசெய்து மேலே உள்ள எதையும் போட வேண்டாம். உறையை ஒட்டப் போன நேரத்தில் செயலாளர் வந்தார். கார்கள் இன்னும் முட்டிக்கொண்டுதான் நிற்கின்றனவாம். இரண்டு குழுவும் ஒன்றாகக் கூடிப் பேசி, மரத்தை வெட்டிவிடலாம், ஆனால் அந்தப் பொண்ணு கையால்தான் வெட்ட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்களாம். "மரத்து மேல இவ்வளவு பாசம் உள்ளவங்க வெட்டினா எங்களுக்கு மனசு உறுத்தாது பாருங்க." அவர் போவதற்குள் பக்கத்துத் தெருச் சங்கமும் அதற்கடுத்த தெருச் சங்கமும் போன் செய்துவிட்டன. எல்லாருக்கும் நான்தான் வேண்டுமாம். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தையும் கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்து நிற்க வேண்டுமாம், படம் எடுப்பார்களாம். துணிக்கடைப் பேச்சே இப்போது இல்லை. சித்தப்பா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "புடிச்சுக்கிட்டு சும்மா நிக்காதேம்மா, அப்படியே அளவையும் எடுத்துடு" என்கிறார்.