எஞ்சின் ஆயில் ஜோசியம்

தைவானில் எங்கள் தௌலியு ஊரில் சனிக்கிழமை காலையில் யாராவது காருக்கடியில் மல்லாந்து கிடந்தால், விபத்தோ என்று பதறாதீர்கள். பக்தி!

இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து, "ஐயோ, கண்ணுல விழுந்துடுச்சு!" என்று ஒரு குரல் வரும். பக்கத்தில் மனைவி ஒரு கையில் ஊதுவத்தியும் மறு கையில் சட்டியுமாக நிற்பாள். சற்று நேரத்தில் நெற்றி முதல் முழங்கை வரை கறுத்துப்போன ஓர் ஆள் ஊர்ந்து வெளியே வருவார். வடித்த ஆயிலை ஜாடியில் ஊற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்கு ஓடி வருவார். அங்கே ஏற்கெனவே ஊரே வரிசையில் நிற்கும். எல்லோர் கையிலும் ஜாடி, எல்லோர் மூக்கிலும் கரி.

வரிசையின் மறுமுனையில், மஞ்சள் பட்டு உடுத்திக்கொண்டு குரு வூ உட்கார்ந்திருப்பார்.

குரு கைரேகை பார்ப்பதில்லை, நட்சத்திரம் பார்ப்பதில்லை. அதெல்லாம் பழைய வித்தை. அவர் பார்ப்பது வண்டியிலிருந்து வடித்த எஞ்சின் ஆயிலை. வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றுவார், தட்டைச் சாய்ப்பார், கண்ணை மூடுவார். ஆயில் ஓடிய கோட்டில் உங்கள் தலையெழுத்து தெரிந்துவிடும். ஆயில் கறுப்பாக இருந்தால் வண்டியில் ஆவி இருக்கிறது என்று அர்த்தம். ஓடிய வண்டியின் ஆயில் வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று கேட்கிறீர்களா? கேட்கக் கூடாது. கேட்டால் சகுனம் கெட்டுவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. ஆயிலையும் ஃபில்டரையும் வண்டிக்காரரே தன் வீட்டில், தன் கையால் மாற்ற வேண்டும். மெக்கானிக்கின் கை பட்டால் ஆவி ஒளிந்துகொள்ளுமாம். விவரம் தெரிந்த ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்வது ஆவி மட்டும்தானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆவி முற்றிவிட்ட வண்டிகளைக் குருவின் 'சாந்திக் கொட்டகை'யில் சாவியோடு விட்டுவிட வேண்டும். அவை அங்கிருந்து பக்கத்து ஊருக்குப் போய், குருவின் மச்சான் நடத்தும் பழைய கார் கடையில் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு சாந்தி அடையும்.

சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்தது. பாதாளத்தின் கதவு திறந்து ஆவிகள் ஊர்சுற்ற வரும் மாதம். அந்த மாதத்தில் இங்கே யாரும் புது வண்டி வாங்க மாட்டார்கள். வாங்கத்தானே கூடாது, கொடுக்கலாமே! குருவுக்கு அது அறுவடைக் காலம்.

அந்த அறுவடையில் சிக்கியவள்தான் ஹுய்சென். தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுப்பவள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு பழைய வெள்ளை வேன். வேன் ஓடினால்தான் அடுப்பு எரியும். ஊரே செய்கிறது என்று அவளும் வெள்ளிக்கிழமை மாலை வேனுக்கடியில் படுத்து ஆயிலை மாற்றினாள், ஃபில்டரை மாற்றினாள். மறுநாள் காலை வேனுக்கடியில் கறுப்பாக ஒரு குளம். அதை ஜாடியில் வழித்தெடுத்துக்கொண்டு குருவிடம் ஓடினாள்.

குரு தட்டைச் சாய்த்தார். அவர் உதடு துடித்தது.

"ரத்தம் கக்குதும்மா உன் வண்டி. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஓர் உயிரக் கேக்கும். நாளைக்கே கொட்டகையில கொண்டுவந்து விட்டுடு."

"குருவே, அது போயிட்டா நான் எதுல சாப்பாடு கொண்டுபோவேன்?"

"உயிரோட இருந்தாத்தானே சாப்பாடு?"

கூட்டம் 'ஆகா' என்றது. பக்கத்திலிருந்த லியாவ் வாத்தியார், இளவயதில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவர், "அறிவியலும் இதத்தான் சொல்லுது" என்று தலையாட்டினார். எந்த அறிவியல் என்று யாரும் கேட்கவில்லை.

ஹுய்சென் எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அது சூச்சினின் கறிக் கொழுக்கட்டைக் கடை. சூச்சினுக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது, ஓர் ஓட்டைச் சைக்கிள்தான். குருவின் வரிசையால் அவள் கடையில் வியாபாரம் அமோகம். நியாயமாக அவள் குருவுக்குத் தினமும் மாலை போட வேண்டும்.

"எங்கேருந்து ஒழுகுதுன்னு பாத்தியாடி?" என்று கேட்டாள் சூச்சின்.

"பாக்கலக்கா. பயமா இருந்துச்சு. உள்ள ஏதாவது இருந்துட்டா?"

"உள்ள எஞ்சின் இருக்கும். வேற என்ன இருக்கும்?"

"அப்படிப் பேசாதக்கா! இது ஏழாம் மாசம்."

"மாசத்துக்கும் எஞ்சினுக்கும் என்னடி சம்பந்தம்? சரி, மூக்கச் சிந்து. நாளைக்கு நீ சாவியக் குடுக்கறதுக்கு முன்னாடி என்னை வரிசையில விடு."

ஞாயிறு காலை. ஹுய்சென் வேனைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் சூச்சின், கையில் ஒரு ஜாடியோடு. ஜாடிக்குள் கன்னங்கரேலென்று கெட்டியாக ஏதோ ஒன்று. ஊதுவத்திப் புகையில் அங்கே யார் மூக்குக்கும் வேலை கிடையாது.

"எந்த வண்டி ஆயிலம்மா?" என்றார் குரு.

"உங்களுக்குத் தெரியாததா குருவே? நீங்களே சொல்லுங்க."

குரு தட்டில் ஊற்றினார், கண்ணை மூடினார், வெகுநேரம் முனகினார்.

"நாலு சக்கரம் தெரியுது..."

"அடேயப்பா, சரியாச் சொல்றாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ராத்திரியில தானா ஹாரன் அடிக்கும்..."

"அடிக்குமா குருவே?" சூச்சின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் தடவிக்கொடுத்தார்கள்.

"ஒரு கிழவர் எஞ்சினுக்குள்ள உக்காந்திருக்கார். உன் மாமனார்! தாகத்துல தவிக்கிறார். ஆயில் எவ்வளவு கெட்டியாயிருக்கு பாரு, இது எஞ்சின் ஆயில் இல்லம்மா, அவரோட கண்ணீர்!"

"எஞ்சின் ஆயில் இல்லங்கறது மட்டும் உண்மை" என்றாள் சூச்சின்.

முந்தானைப் பைபோல மடித்திருந்த ஏப்ரனிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்தாள். குருவின் தட்டில் நன்றாகப் புரட்டினாள். வாயில் போட்டாள்.

சந்தே அலறியது. லியாவ் வாத்தியார், "துப்பு! துப்பு! வயிறு வெந்துடும்!" என்று குதித்தார். ஒரு பெண் மயங்கி விழத் தயாராகி, நல்ல இடமாகத் தேடினாள்.

சூச்சின் நிதானமாக மென்று விழுங்கினாள். "சோயா சாஸு. என் கடையில தொட்டுக்க வெக்கிறது. நீங்க எல்லாரும் தினம் நக்கித் தின்னது. என் மாமனார் இதுக்குள்ளயா இருக்கார்? அவர் இப்ப வீட்டுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருக்கார்."

பிறகு குரு எழுந்தார். அடடா, அந்தத் துணிச்சலுக்கே ஒரு மாலை போடலாம்.

"எனக்கு முன்னாடியே தெரியும்! ஆவி வண்டியிலிருந்து எறங்கி சாஸுக்குள்ள புகுந்துடுச்சு! அதத்தான் சொன்னேன்!"

நீங்கள் நம்ப மாட்டீர்கள், கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். "இருக்கும், இருக்கும், ஏழாம் மாசம்ல" என்றார் ஒருவர். குரு கையை நீட்டினார். "ஹுய்சென், நேரம் போகுது. சாவியக் குடு."

ஹுய்சென் சாவியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். விரலைத் தட்டில் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா" என்றாள்.

அப்புறம் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "குருவே, கொஞ்சம் இருங்க. இது உயிர் வாங்கறதுன்னா எங்கேருந்து வாங்குதுன்னு நான் பாத்துட்டு வரேன்."

ஊரே பின்னால் ஓடியது. அவள் வேனுக்கடியில் நுழைந்தாள். கைகளால் ஃபில்டரைத் திருகிக் கழற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். லியாவ் வாத்தியார் நான்கடி.

"அக்கா!" உள்ளேயிருந்து ஒரு கூச்சல். "ஆவியப் புடிச்சுட்டேன்!"

வெளியே வந்தவளின் கையில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். பழைய ஃபில்டரின் வளையம். ஃபில்டரைக் கழற்றும்போது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை, புது வளையத்தோடு வைத்துத் திருகியிருக்கிறாள். இரண்டு வளையம் இருந்தால் எதுதான் இறுக மூடும்? ஓர் உயிரைக் கேட்ட ஆவி, கடையில் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்காத ரப்பர்!

சூச்சின் சிரித்தாள், ஹுய்சென் சிரித்தாள், கடைசியில் சந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்துத் திரும்பினால் குரு இல்லை. மஞ்சள் பட்டு மட்டும் சந்து முனையில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைப் பறிகொடுத்தவர்களுக்கு அப்போதுதான் கால் முளைத்தது. துரத்திக்கொண்டு மச்சானின் கடைக்கே போய், புதுப் பெயிண்டோடு பளபளவென்று நின்ற தங்கள் வண்டிகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் மதியம் ஹுய்செனின் வேன் சாப்பாட்டு டப்பாக்களோடு எங்கள் சந்து வழியாகப் போனது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. நான் குனிந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் எங்களுக்கு மனிதர்கள் என்று பெயர் வைத்ததற்கு அர்த்தம் இருந்திருக்கும். மாலையில் லியாவ் வாத்தியார் கொழுக்கட்டைக் கடைக்கு வந்தார். கையில் ஜாடி. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை, எல்லோர் கையிலும் ஜாடி.

"சூச்சின் அம்மா, உனக்குத்தான் உண்மையான சக்தி இருக்குன்னு ஊரே பேசுது. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

சூச்சின் ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது.

"பழைய ஆயில். பட்டறையில குடுத்தா வாங்கிக்குவாங்க."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் தெரியலையா?"

"தெரியுதே. வாராவாரம் எஞ்சின் மூடியத் தெறந்து பாக்கறீங்களே வாத்தியாரே, உங்க தலையில இருக்கறத என்னைக்காவது தெறந்து பாத்தீங்களா? புத்தம் புதுசா, வாங்கினபடியே இருக்கும். கொஞ்சம் ஓட்டித்தான் பாருங்களேன்!"