ஒரு தீப்பெட்டி இடைவெளி

"மூச்ச இழுத்துப் புடிடா!"

"மூச்சுக்கும் முட்டிக்கும் என்னப்பா சம்பந்தம்?"

கோவிந்தசாமி கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, மகன் அறிவழகனின் கணுக்கால்களுக்கு நடுவே ஒரு தீப்பெட்டியை நீளவாக்கில் செருகிப் பார்த்தார். தீப்பெட்டி எங்கும் உரசாமல் உள்ளே போனது. பக்கத்தில் அவருடைய கட்டைவிரலுக்கும் இடம் இருந்தது.

"பாழாப்போன காலுடா இது," என்றபடி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"உங்க வம்சத்துக் காலுதான்," என்று அடுப்படியிலிருந்து ரத்தினம்மாளின் குரல் வந்தது.

அறிவழகன் விமானப்படை எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். மைசூரில் ஐந்து நாள் நேர்முகத்தில் தேறியிருந்தான். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் உட்காரலாம் என்கிற, விமானம் ஓட்டும் கை இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்க்கும் விமானித் தேர்விலும் தேறியிருந்தான். பெங்களூர் மருத்துவப் பரிசோதனையில் கண், காது, இதயம், பல் எல்லாம் சரி. கடைசியாக எலும்பு டாக்டர், முழங்கால்களை ஒட்டவைத்து நிற்கச் சொன்னார். முழங்கால்கள் சம்பந்திகளைப் போல ஒட்டிக்கொண்டன. கணுக்கால்கள் பங்காளிகளைப் போல விலகி நின்றன. இடைவெளி ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு ஏழு.

மேல்முறையீட்டுக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை. டிசம்பரில் அவனுக்கு வயது வரம்பு தாண்டுகிறது.

தீப்பெட்டியின் நீளம் சரியாக ஐந்து சென்டிமீட்டர் என்பதைக் கண்டுபிடித்தவர் கோவிந்தசாமி. மின்வாரியத்தில் போர்மேன். அன்றிலிருந்து அவர் மனிதர்களை முகத்தில் பார்ப்பதை விட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், சாவு வீட்டில்கூட, எதிரே நிற்பவரின் கணுக்காலைத்தான் பார்த்தார்.

முதல் வைத்தியம் தலையணை. முட்டிகளுக்கு நடுவே தலையணையை வைத்து, கணுக்கால்களைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். மூன்றாம் நாள், கட்டியிருப்பதை மறந்து எழுந்த அறிவழகன் மரம் சாய்வது போலச் சாய்ந்தான். இரண்டு கணுக்காலும் பூசணிக்காயாக வீங்கின.

வீங்கிய காலுக்கு நடுவே கோவிந்தசாமி தீப்பெட்டியை வைத்தார். நுழையவில்லை.

"ரத்தினம்! சரியாயிடுச்சுடி! ஓடியா!"

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று. இடைவெளி பழையபடி திரும்பி வந்தது. ஆறு வாரம் ஐந்தாகியிருந்தது.

சிதம்பரத்திலிருந்து அறிவழகனின் அக்காள் வீட்டுக்காரர் தில்லைநாதன் போன் செய்தார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். அந்த யோசனைக்குப் பிறகு வருகிற சிக்கலுக்கு இன்னொன்று இருக்கும்.

"குதிரை ஓட்டணும் மாமா. தொடைய விரிச்சு உக்காந்தா முட்டி தானா வெலகிடும்."

"கடலூர்ல குதிரைக்கு எங்க மாப்ள போவேன்?"

"சில்வர் பீச்ல கொழந்தைங்கள ஏத்துறானே, அது என்ன கழுதையா?"

மறுநாள் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் குதிரைக்காரர் பொன்னுரங்கத்தின் முன்னால் அப்பாவும் மகனும் நின்றார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். அதிகம் பேசாதவர். ராணி என்ற பழுப்புக் குதிரைக்கு வாளியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"கொழந்தைக்கா சார்?"

"ஆமா," என்று கோவிந்தசாமி மகனைக் காட்டினார்.

பொன்னுரங்கம் அறிவழகனை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தினி வயசு?"

"டிசம்பர் வந்தா இருபத்திமூணு முடியுது. ஏன், பெரியவங்களுக்குத் தனி ரேட்டா?"

"ரேட்டு ஒண்ணுதாங்க," என்று சொல்லிவிட்டு அவர் கடிவாளத்தை நீட்டினார்.

கோவிந்தசாமியின் பார்வை வழக்கம்போல அவருடைய கால்களுக்குப் போனது. முழங்காலும் ஒட்டி, கணுக்காலும் ஒட்டி, தேக்குப் பலகை மாதிரி நின்றன. மகன் காதில் சொன்னார்: "பாத்தியா? இந்தக் காலு உனக்கு இருந்திருந்தா இந்நேரம் ஜெட்டு ஓட்டிக்கிட்டிருப்ப. இந்தாளு வாளி தூக்கிட்டிருக்கான். கடவுள் யாருக்கு எதைக் குடுக்கறதுன்னு தெரியாமக் குடுக்கறான்."

அறிவழகன் ஏறி உட்கார்ந்தான். குதிரை நடந்தது. இரண்டு காதுகளுக்கு நடுவே கடல்கோடு ஆடாமல் நின்றது. மைசூரில் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து, வெளிச்சப் புள்ளியை நடுவில் நிறுத்தியபோது மனதுக்குள் இருந்த சத்தமெல்லாம் நின்றுபோனது அவனுக்கு நினைவு வந்தது. அப்படி ஓர் அமைதியை அவன் அதற்கு முன்பும் அறிந்ததில்லை, பின்பும் அறிந்ததில்லை. அதற்காகத்தான் இவ்வளவும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அப்பா அதையும் தீப்பெட்டியால் அளந்து பார்ப்பார்.

"என்னண்ணா, தம்பி குதிரை மேல?"

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி. நடைப்பயிற்சிக்கு வந்திருந்தாள். ஆறாவது படிக்கும் மகனும் கூட வந்திருந்தான்.

கோவிந்தசாமி குதிரைக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றார். சிதம்பரத்தில் லோகநாயகி டீச்சரின் மகளை அறிவழகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். 'பைலட் மாப்பிள்ளை' என்ற ஒரு சொல்லில்தான் அந்தச் சம்பந்தமே நின்றுகொண்டிருந்தது. முட்டி விஷயம் வெளியே போகக் கூடாது.

"ட்ரெயினிங்மா," என்றார். "குதிரைய அடக்கத் தெரிஞ்சவன் கையிலதான் ஃப்ளைட்ட குடுப்பாங்க."

"அப்படியா!" என்ற புஷ்பவள்ளி மகனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பையனின் வருங்காலம் முடிவாகிவிட்டது.

மறுநாள் ராணியின் மேல் புஷ்பவள்ளியின் மகன் இருந்தான். அதற்கு மறுநாள் வரிசை. அடுத்த வாரம் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் தாண்டி, பண்ருட்டியிலிருந்து வேன் வைத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். யூனிபார்ம், டை, தண்ணீர் பாட்டிலோடு பிள்ளைகள் குதிரை ஏறினார்கள். ஒரு தகப்பனார், "ஸ்டடி மெட்டீரியல் எப்ப தருவீங்க?" என்று கேட்டார். இன்னொருவர், "பொண்ணுங்களுக்கும் பிரயோஜனப்படுமா?" என்றார்.

"குதிரைக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க," என்றார் பொன்னுரங்கம்.

அறிவழகனுக்கு ஒரு சுற்றுகூடக் கிடைக்கவில்லை. வரிசையில் அவனை முந்தி நின்ற ஒரு மூன்றாம் வகுப்புப் பையன், "அங்கிள், நீங்க ரிப்பீட்டரா?" என்று விசாரித்தான்.

"கவலைப்படாதீங்க மாமா," என்றார் தில்லைநாதன். "சிதம்பரத்துல கல்யாணக் குதிரை ஒண்ணு இருக்கு. பேசி வச்சிருக்கேன். மச்சானை அனுப்புங்க."

வெள்ளைக் குதிரை. பெயர் முத்து. மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாத்தியத்துக்கு ஏற்ப ஆடுவதற்குப் பழக்கியது. இரண்டு மாலைகள் ஒழுங்காகப் போயின. மூன்றாம் மாலை, கீழ வீதியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கல்யாண ஊர்வலம் திரும்பியது. பேண்டு வாத்தியம் முழங்கியது. முத்து காதை நிமிர்த்தியது. தொழில் பக்தி உள்ள பிராணி. அறிவழகன் கடிவாளத்தை எந்தப் பக்கம் இழுத்தும் பயனில்லை. நேராகப் போய் ஊர்வலத்தின் முன்னால் நின்று முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து ஆடத் தொடங்கிவிட்டது.

உண்மையான மாப்பிள்ளை பின்னால் காரில் இருந்தார். அவசரத்தில் இருந்த யாரோ ஒருவர், குதிரை மேல் இருப்பவன்தானே மாப்பிள்ளை என்று அறிவழகனுக்கு மாலையைப் போட்டுவிட்டார்.

ஜவுளிக் கடையிலிருந்து வெளியே வந்த லோகநாயகி டீச்சர் இதைப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவர். அங்கேயே நின்று போன் போட்டார்.

"கோவிந்தசாமி சார், உங்களுக்கு ஒரு பையன்தானே?"

"ஆமாங்க டீச்சர்."

"அவருக்கு எத்தனை கல்யாணம்?"

விஷயம் புரியக் கோவிந்தசாமிக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய் தானாகப் பேசியது.

"ஐயோ, அது ட்ரெயினிங் குதிரைங்க. எங்க சொந்தக் குதிரை. ஊர்வலத்துல மிரண்டு பூந்துடுச்சு."

"சொந்தக் குதிரையா?" டீச்சரின் குரல் மாறியது. "குதிரை வச்சிருக்கீங்களா? சொல்லவேயில்லையே! அப்ப ஞாயித்துக்கெழமை வந்து பாக்கறோம்."

சனிக்கிழமை கோவிந்தசாமி பி.எஃப். பணத்தில் முத்துவை வாங்கினார். வேறு வழியில்லை. கொல்லைப்புறத்தில் கீற்றுக் கொட்டகை எழும்பியது.

"பால் மாடு கேட்டப்ப எடமில்லன்னீங்க," என்றாள் ரத்தினம்மாள். "ஆடுற குதிரைக்கு மட்டும் எடம் இருக்குதா?"

"பேசாம இரு. பையன் ஆகாசத்துக்குப் போறான்."

"அவன் போவான். சாணிய யாரு வார்றது?"

ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி டீச்சர் வந்தார். தில்லைநாதனும் துணைக்கு வந்திருந்தார். டீச்சர் கொட்டகையின் முன் நின்று குதிரையையும், அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த வருங்கால மருமகனையும் திருப்தியோடு பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் புஷ்பவள்ளி வீட்டு டி.வி.யில் தொடரின் பாட்டு தொடங்கியது. முத்து ஆடத் தொடங்கியது. அறிவழகன் மேலும் கீழும் குலுங்கினான்.

"என்ன இது?" என்றார் டீச்சர்.

கோவிந்தசாமி தன் மருமகனைப் பார்த்தார். தில்லைநாதன் தயங்கவே இல்லை.

"டர்புலன்ஸ் ப்ராக்டீஸ்ங்க. மேல காத்து அடிச்சா ஃப்ளைட்டு இப்படித்தான் குலுங்கும். இதுல வாந்தி எடுக்காதவன்தான் தேறுவான்."

"அடேங்கப்பா," என்றார் டீச்சர். "வரட்டும், தை மாசம் நிச்சயம் வச்சுக்கலாம்."

அறிவழகன் குலுங்கிக்கொண்டே இருந்தான். அவன் சொல்லாமல் விட்டவற்றை எழுதினால் விமானப்படைத் தேர்வுக்கே ஒரு பாடப்புத்தகம் ஆகும்.

மிஞ்சிய நாட்களில் அவன் விடிவதற்கு முன்பே எழுந்து, டி.வி.க்கள் விழிப்பதற்குள், முத்துவை ஆற்றங்கரைப் பக்கம் ஓட்டிப் போனான். தொடை வெந்தது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் கட்டைவிரலுக்கான இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆட்காட்டி விரல் ஆயிற்று. சுண்டுவிரல் ஆயிற்று. பெங்களூர் கிளம்பும் அன்று கோவிந்தசாமி தீப்பெட்டியைப் பூஜை மாடத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதே பெட்டியிலிருந்து குச்சி எடுத்துத்தான்.

பெங்களூரில் அதே டாக்டர் அளந்தார். இரண்டு முறை அளந்தார். ஆச்சரியப்பட்டார்.

ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறதே, என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குதிரை என்றான். மிக நல்ல முன்னேற்றம், விடாமல் ஓட்டினால் இரண்டு வருடத்தில் கட்டாயம் சரியாகிவிடும் என்றார்.

"சார், டிசம்பர்ல எனக்கு வயசு தாண்டுது."

டாக்டர் பேனாவை மூடினார். அது என் டிபார்ட்மென்ட் இல்லையே என்று வருத்தத்தோடு சொன்னார்.

வீடு திரும்பியவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கோவிந்தசாமி தீப்பெட்டியை மாடத்திலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்தார். அன்று முழுக்கக் கொட்டகையில் குதிரை புல் மெல்லும் சத்தம் மட்டும் கூடம் வரை கேட்டது.

மறுநாள் தில்லைநாதன் போன் செய்தார். "டீச்சர் வேண்டாங்கறாங்க மாமா."

"பைலட் ஆவலன்னா?"

"அதுகூடப் பரவால்லையாம். பைலட்டும் இல்லாம, வேலையும் இல்லாம, குதிரை மட்டும் வச்சிருக்கிற குடும்பத்துல எப்படிப் பொண்ணு குடுக்கறதுன்னு யோசிக்கறாங்க."

கோவிந்தசாமி போனை வைத்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு கணுக்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டிட்டுப் போயி வித்துடுடா. என்னால அத பாக்க முடியல."

அறிவழகன் முத்துவை நடத்திக்கொண்டு தேவனாம்பட்டினம் போனான். கடற்கரையில் வரிசை இல்லை. அவன் தேறவில்லை என்ற செய்தியைப் புஷ்பவள்ளி பரப்பியிருந்தாள். நீச்சல் தெரிந்தால் கலெக்டர் ஆகலாம் என்று யாரோ சொல்லி, வேன்கள் இப்போது வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தன. பொன்னுரங்கம் தனியாக நின்று ராணியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இத வாங்கிக்கிறீங்களா? பாத்து எது குடுத்தாலும் சரி."

பொன்னுரங்கம் முத்துவைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். இரண்டு பேரும் இரண்டு குதிரைகளும் சும்மா நின்றார்கள்.

"பெங்களூர்ல இன்னா சொன்னாங்க?"

தான் பெங்களூர் போனதை இவரிடம் சொன்னோமா என்று யோசித்தபடி, "ரெண்டு வருசம் ஓட்டுனா சரியாயிடுமாம்," என்றான்.

"ஆவும், ஆவும்," என்றார் பொன்னுரங்கம்.

"தம்பி, இந்த வெள்ளக் குதிரை ஒரு ரவுண்டுக்கு எவ்ளோ?"

ஒரு பெண். இடுப்பில் இருந்த குழந்தை இரண்டு கைகளையும் முத்துவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது சவாரிக்கு இல்லீங்க. விக்கறதுக்கு," என்றான் அறிவழகன்.

குழந்தை அழத் தொடங்கியது. பொன்னுரங்கம் குழந்தையை வாங்கி முத்துவின் மேல் உட்காரவைத்தார். அழுகை சட்டென்று நின்றது. கடிவாளத்தை எடுத்து அறிவழகன் கையில் கொடுத்தார்.

"அண்ணே, நான் விக்கத்தாண்ணே வந்தேன்."

பொன்னுரங்கம் மணலில் கால்களை ஒட்டவைத்து, அணிவகுப்பில் நிற்பவரைப் போல நிமிர்ந்து நின்றார். அந்தக் கணுக்கால்களுக்கு நடுவே ஒரு தீக்குச்சிகூட நுழையாது.

"எம்பத்தி ரெண்டுல பெங்களூர்லேர்ந்து திரும்பி வந்து, இந்த ராணியோட பாட்டிய நானும் விக்கத்தான் தம்பி இங்க ஓட்டியாந்தேன்."