சிகாகோவில் கொடுத்த பனியன்

ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்பதற்கு மனத்தைரியம் வேண்டும். கூட்டம் கூட்டி, மைக் வைத்து, டீயும் பன்னும் கொடுத்து அபிப்பிராயம் கேட்பதற்குத் தைரியம் போதாது, கொஞ்சம் கிறுக்கும் வேண்டும். இளம் வயதில் என்னிடம் அது தாராளமாக இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் 'நாற்காலிக்கு நாலு குண்டு' என்று ஒரு நாவல் எழுதினேன். அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் ஜேம்ஸ் என்பவரைச் சுட்டுத் தள்ள ஒரு கும்பல் அலைகிறது. சுடுவார்களா, ஜெயிப்பாரா என்பது கதை. அமெரிக்காவை நான் பார்த்ததில்லை (கோயம்புத்தூரையே சரியாகப் பார்த்ததில்லை). மாமாவின் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அமெரிக்கா என்பது அவர் மேஜையில் கிடக்கும் செய்தித்தாள்தான். அதில் கிடைக்காததையெல்லாம் எங்கள் ஊர்த் தேர்தலைப் பார்த்து நிரப்பிக்கொண்டேன். அதனால் என் ஜேம்ஸ், மாதா கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் பிரச்சாரத்துக்குக் கிளம்பினார். கொட்டும் பனியில் குதிரை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு வாசல் நின்று கும்பிடு போட்டார். சிகாகோ நகரம் முழுக்க வீட்டுக்கு இரண்டு பனியன் கொடுத்தார்.

மற்றதெல்லாம் போகட்டும். அந்தப் பனியனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சென்னியப்பன் மாமா என் அம்மாவின் அண்ணன். திருப்பூர் ராயபுரத்தில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவருடைய ஒரே மகள் தெய்வானை எனக்குத்தான் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க செனட்டர்களைப் பக்கம் பக்கமாகப் பேசவைத்தவன், அவளிடம் "தண்ணி குடு" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் மாமா நகராட்சித் தேர்தலில் இரண்டாம் முறையாகச் சுயேச்சையாக நின்றார். தேர்தல் முடிந்த கையோடு இரண்டு வீட்டாரும் உப்புச் சக்கரை மாற்றி எங்கள் கல்யாணத்தை நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. போன தேர்தலில் வார்டு முழுக்கப் பனியன் கொடுத்தார். இந்தத் தேர்தலிலும் கொடுத்தார். காதர்பேட்டை வியாபாரிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய செகண்ட்ஸ் சரக்கு. மூட்டை கட்டியதே நான்தான்.

"பிறகு எப்படியப்பா அதைக் கதையில் எழுதினாய்?" என்று நீங்கள் கேட்கலாம். ஊரே கேட்டது. தேர்தலில் நிற்பவர் பனியன் கொடுப்பார் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை என்று நான் மனதார நம்பினேன். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, பனியனை விட்டால் கொடுப்பதற்கு வேறு என்ன தோன்றும்? போதாக்குறைக்கு, கதை நம்பும்படி இருக்க வேண்டுமே என்று 'அத்தனையும் விலைபோகாத சரக்கு' என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் வாசகர் அபிப்பிராயக் கூட்டம் போட ஆசைப்பட்டேன். தலைமை தாங்க மாமாவைக் கேட்டேன்.

"கதை எதப் பத்தி கண்ணு?" என்றார்.

"அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுங்க மாமா."

"அவங்க தேர்தல் நம்மளுக்கு எதுக்கு? சரி, மைக் இருக்குதா? கூட்டம் வருமா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். வாக்குப்பதிவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்று அவரே தேதி குறித்தார். புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனி குடோனில் துணி உருளைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பெஞ்சு போட்டோம். நல்ல கூட்டம். பின்னால் தையல் மெஷின்களுக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வானையும் இருந்தாள். மாமா கழுத்தில் ரோஜா மாலை. எனக்கும் ஒன்று போட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் அத்தனை கர்வமாக உட்கார்ந்ததில்லை.

முதலில் பேசிய பள்ளி ஆசிரியர், நடை நன்றாக இருக்கிறது, ஆனால் அமெரிக்கர்கள் ஒருவருக்கொருவர் இத்தனை 'ங்க' போடுவார்களா என்பது சந்தேகம் என்றார். சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அடுத்து டெய்லர் ரங்கசாமி எழுந்தார். எங்கள் கம்பெனிதான்.

"கதை நல்லா இருக்குதுங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க. அந்தச் சிகாகோவுல குடுத்த பனியன் ஒரு தொவைப்புக்குத் தாங்குச்சுங்களா?"

"ஏனுங்க கேக்கறீங்க?" என்றேன், எழுத்தாளருக்குரிய பொறுமையோடு.

"இல்லீங்க, எங்கூட்டுக்கு வந்தது தாங்கலீங்க."

குடோன் அதிர்ந்தது. விஷயம் புரியாமல் மாமாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "என்ன பனியன் கண்ணு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். 'விலைபோகாத சரக்கு' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் வாசித்தார்.

அதற்குப் பிறகு நாவலைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை. எல்லாரும் பனியனைப் பற்றியே சொன்னார்கள். கை வைத்த இடத்தில் கிழிந்தது, கழுத்துப் பட்டி கோணல், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை. ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வாங்கிவந்து எங்கள் வார்டில் விற்கும் பெரியவர் ஒருவர் மைக்குக்கு வந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியன் தொப்புளுக்கு வெகு மேலே நின்றது.

"நான் அமெரிக்கா போனதில்லீங்க. இது இங்க குடுத்ததுங்க" என்றார்.

நான் மைக்கைப் பிடித்து, ஜேம்ஸ் கற்பனைப் பாத்திரம், யாரையும் குறிப்பிடுவது அல்ல என்று விளக்கினேன். (அதுவரை சந்தேகப்படாமல் இருந்தவர்களுக்கும் அப்போது தெளிவாகிவிட்டது.) மாமா மாலையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கூட்டத்த நல்லபடியா நடத்துங்க கண்ணு. எனக்குக் கொஞ்சம் சோலி இருக்குது" என்று சொல்லிவிட்டு, தன் சொந்தக் குடோனிலிருந்து வெளியே போனார்.

மாமா தோற்றுப்போனார். எப்படியும் தோற்றிருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அதை மாமாவிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

உப்புச் சக்கரை விஷயமாக அம்மா அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாமா உட்காரவைத்து, இலை போட்டு, நெய் ஊற்றிச் சாப்பிடச் சொன்னாராம். சாப்பிட்டு முடித்ததும், "உன்ற மகனுக்கு அமெரிக்காவுலயே ஒரு பொண்ணப் பாரு அம்மிணி" என்றாராம். எங்கள் ஊரில் மரியாதை குறையாமலே கதவைச் சாத்துவார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மருமகள் போனதற்காக மட்டும் அல்ல, பிறந்த வீடே போனதற்கு. அதற்குப் பிறகு பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் வாசலைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் என்ன செய்தேன் என்றால், மாமா ஆறிவிடுவார் என்று சும்மா இருந்தேன். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஜேம்ஸ் வேறு, மாமா வேறு என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். நான் நிரூபித்து முடிப்பதற்குள் தெய்வானைக்குக் கரூரில் கல்யாணம் முடிந்துவிட்டது.

பிற்பாடு எனக்கும் கல்யாணமாகி, மாமாவின் அந்த வாக்கியம் எங்கள் வீட்டு வாக்கியமாகிவிட்டது. ரசத்தில் உப்பு இல்லை என்று நான் வாய் திறந்தால் போதும், "அப்பறம் என்னுங்க, அமெரிக்காவுலயே பொண்ணு பாத்திருக்கலாமல்லங்க?" என்பாள் என் மனைவி. பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மா இருந்தவரை அவள் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மாமா காலமானபோது போனேன். கருமாதி விருந்தில் தெய்வானை பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என் இலைக்கு எதிரே ரசவாளியோடு நின்றாள்.

"அன்னைக்கு ஊர்ல இருக்கற அத்தன பேருகிட்டயும் அபிப்பிராயம் கேட்டீங்க மச்சான். என்னைய ஒரு வார்த்த கேக்கலீங்களே" என்றாள்.

"நீ படிச்சியா?"

"அச்சாகி வந்த அன்னைக்கே படிச்சனுங்க. அது எங்கப்பான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க."

"சரி, இப்பக் கேக்கறேன். கதை எப்படி இருந்துச்சு?" என்றேன்.

அவள் வாளியில் கரண்டியை விட்டுக் கலக்கினாள். "நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஜேம்சுக்கு ஒரு மக வர்றாளே, அவளுக்கு ஒரு பேரு வெச்சிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்து பரண்மேல் தேடிப் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பெண் வருகிறாள். அப்பாவுக்குக் காபி கொண்டுவருகிறாள், ஜன்னலோரம் நின்று அழுகிறாள், கடைசியில் யாரையோ கல்யாணம் செய்துகொண்டு போகிறாள். எல்லா இடத்திலும் 'ஜேம்ஸின் மகள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஜேம்ஸின் நாய்க்குப் பெயர் இருக்கிறது.